சுண்டை விதை கேட்ட மகளுக்கு

கோபிசெட்டிபாளையம்

அன்பு மகளுக்கு,

சுண்டை விதை அனுப்பச் சொல்லி நீ எழுதியதைப் படித்த அன்றே, கிணற்றடிச் செடியில் மஞ்சளாகப் பழுத்திருந்த காய்களைப் பறித்து, விதையெடுத்து நிழலில் உலர்த்திவிட்டேன். பிறகு விசாரித்தபோதுதான், அமெரிக்க மத்திய அரசின் கேடு விளைவிக்கும் களைகளின் பட்டியலில் சுண்டையும் இருக்கிறது என்றும், அனுமதியின்றி அதன் விதையை அந்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றும் தெரிந்தது. ஆகையால் விதை அனுப்ப மாட்டேன். நீயும் வேறு யாரிடமும் கேட்காதே.

வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றி நம் ஊர்வரை வந்த செடியை அங்கேயே களை என்கிறார்களே என்று முதலில் மனம் வருந்தியது. ஆனால் அவர்கள் அஞ்சுவது நியாயம்தான். நம் கிணற்றடியில் நிற்பதையும் யாரும் நடவில்லை. பறவையின் எச்சத்தில் முளைத்ததுதான். உன் ஃபுளோரிடாவின் மழையும் வெயிலும் கிடைத்தால், ஆளுயரத்துக்கு மேல் முள்ளோடு அடர்ந்து, வேறெதையும் தலையெடுக்க விடாது.

அந்த வீரியம்தான் இங்கே நமக்கு வரமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் கத்தரி துவண்டு கிடக்கும்போதும் சுண்டை வெள்ளை நட்சத்திரம் போலப் பூத்துக் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தவிர நான் அதற்கு எதுவும் ஊற்றுவதில்லை; ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவேன், பக்கக்கிளைகள் வெடித்துக் காய்ப்பு கூடும். வாடல் நோயையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் தாங்குவதால், சுண்டையின் வேர்ப்பகுதியில் கத்தரியை ஒட்டுக்கட்டியும் நடுகிறார்கள்.

விதை இல்லாவிட்டாலும் உனக்கு வேண்டியது கிடைக்கும். பிள்ளை பெற்ற உடம்புக்கு நீ கேட்பது செடியையா, சுண்டை வற்றல் சேர்த்து இடிக்கும் அங்காயப் பொடியைத்தானே? அதை நானே இடித்து அனுப்புகிறேன்.

காய் பச்சையாக, விதை முற்றாமல் இருக்கும்போதே பறிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் குழவியால் நசுக்கி, தண்ணீரில் அலசி விதையைக் கொஞ்சம் போக்கினால் கசப்பு தணியும். கொதிநீரில் ஒரு கொதி விட்டு வடித்து, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் பாயில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதையும் காய் குடித்துமுடிக்கும் வரை இப்படியே செய்ய வேண்டும். பிறகு கல்போலக் காய்ந்து, கையில் அள்ளினால் சலசலவென்று ஒலிக்க வேண்டும். போன ஐப்பசியில் அவசரப்பட்டு மழைக்கிடையே போட்டுவிட்டு, இரண்டு படி காயும் பூஞ்சை பிடித்து வீணானதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. அதனால் இம்முறை பங்குனி வெயிலில்தான் போட்டேன்.

இந்த வற்றலை நல்லெண்ணெயில் சிறுதீயில் கருஞ்சிவப்பாக வறுத்து, மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றோடு இடிப்பேன். உன்னைப் பெற்றபோது உன் பாட்டி எனக்குக் கொடுத்தது இதுதான். சித்த மருத்துவத்திலும் கழிச்சலுக்குச் சுண்டைவற்றல் சூரணம் உண்டு. வத்தக்குழம்புக்கு வற்றல் வேண்டுமென்றால் அங்குள்ள இந்தியக் கடையில் வாங்கிக்கொள். தீய்ந்துவிட்டால் கசப்பு மட்டுமே மிஞ்சும் என்பதால் அடுப்பை விட்டு நகராதே.

மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை இதற்காக நிறுத்திவிடாதே. பொடி வந்ததும் அவரிடம் காட்டிக் கேட்டபின், முதல் நாள் அரைத் தேக்கரண்டி மட்டும், சூடான சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, மதியத்தில் சாப்பிடு. வயிறு ஏற்றுக்கொண்டதா என்று மறுநாள் எனக்குச் சொல்.

உன் அம்மா