பாசிக்குப் பாசி

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாசமாய் ஒரு வரி எழுதாதவனை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பத்தாம் வகுப்பு. என் முதுகுவலி என்னைவிட ஆரோக்கியமாய் இருக்கிறது.

விஷயம் மீன்தொட்டி. சிரிக்காதே. 5 வாரத்துக்கு முன் கொளத்தூர் போய் 2 அடித் தொட்டி, பில்டர், எல்.ஈ.டி. விளக்கு, ஏழெட்டுக் கட்டுச் செடி எல்லாம் வாங்கி வந்தேன். மீனைவிடச் செடிமேல்தான் ஆசை. நம் வாய்க்காலில் காலைச் சுற்றுமே வேலம்பாசி, அந்தப் பச்சையை வீட்டுக்குள் பார்க்கவேண்டும் என்று.

பத்தாம் நாள் கண்ணாடி, மணல், இலை எங்கும் காப்பிப்பொடி தூவினாற்போல் பழுப்புப் படலம். தேய்த்தால் போகும், மறுநாள் வந்து உட்காரும். "டயாட்டம்னு ஒரு நுண்பாசி சார், புதுத் தொட்டிக்கு வர்ற அம்மை, தானா இறங்கிடும்" என்றார் கடைக்காரர். இறங்கியது. இறங்கும்போது நூல்பாசியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டது! காதலன் தொட்டால் விலகி, விட்டால் மறுபடி படரும் பசலைக்குப் பாசியை உவமை சொன்ன தமிழ் ஐயாவிடம், "பாசி அப்படியா திரும்பத் திரும்ப வரும்?" என்று நீ கேட்டாயே, இப்போது எனக்கு பதில் தெரியும்.

அடுத்தது கிரிப்டோகோரைன் என்கிற செடி. இலையெல்லாம் வெளிறிக் கூழாய்க் கரைந்தது. அந்த இனத்தில் சில, நம் தென்னாட்டு ஓடைகளிலும் இலங்கையிலும் தன்பாட்டுக்கு வளர்பவை. சொந்தக்காரன் என் வீட்டில் மட்டும் முறுக்கிக்கொள்கிறான். அப்புறம்தான் தெரிந்தது, பண்ணையில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். உள்ளே வந்தால் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும், வேரைத் தொடாமல் இருந்தால் போதும். அவசரக்குடுக்கை நான் இரண்டைப் பிடுங்கி எறிந்திருந்தேன்.

எல்லாம் என் கைவரிசைதான். தினம் 12 மணி நேரம் விளக்கு. போதாததற்கு உரம். வேரே பிடிக்காத செடி எவ்வளவு சாப்பிடும்? மிச்சத்தைப் பாசி வழித்துத் தின்றது. மூன்றாம் நாளே 8 கப்பி மீன் விட்டேன். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகுமாம். மூன்று செத்துப்போயின. செம்பருத்தி அடியில் புதைக்கும்போது சின்னவள், "படிச்சிட்டு வாங்கியிருக்கலாம்லப்பா" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது, மாப்ளே.

இப்போது விளக்கு 6 மணி நேரம். உரம் நிறுத்தம். வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். பழைய பிரஷ்ஷில் நூல்பாசியை நூடுல்ஸ்போலச் சுற்றி எடுக்கிறேன். "இதில் பாதி அக்கறை பாத்ரூம் தரைக்கு வரலாமே" என்கிறாள் உன் தங்கச்சி.

தையில் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? வாய்க்காலில் ரெண்டு கைப்பிடி வேலம்பாசியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவா. அது மளமளவென்று வளர்ந்து மிச்சச் சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டால் நூல்பாசி பட்டினிதான். நன்றாக அலசி எடுத்து வா, தட்டான் புழு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலும் மீதி ஐந்து கப்பியும் காலி. அப்புறம் சின்னவளிடம் நீதான் பேசவேண்டும்.

உன்,
அதே அவசரக்குடுக்கை