நிலவுக்குப் போன காசும் பத்து கிலோ மூட்டையும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீயும் உன் மாமாவும் போட்ட சண்டையை முழுக்கப் படித்தேன். "சோத்துக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு" என்று அவர் கேட்டதும் நீ பொரிந்து தள்ளிவிட்டாய். செயற்கைக்கோளுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அது எனக்குப் புரிகிறது. ஆனால் கடைசியில் நீ எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "வறுமை அரசியல்வாதிகள் பார்க்க வேண்டியது, அறிவியலை அதில் இழுக்காதீர்கள்." அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கணக்கை முடித்துவிடுவோம். சந்திரயான்-3 திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. நம் நாமக்கல்லிலேயே ஒரு முட்டை வாங்க இழுபறிதான். நிலவுக்குப் போனதால்தான் ஏழையின் தட்டு காலியாக இருக்கிறது என்பது கணக்குத் தெரியாத பேச்சு. விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து அந்தக் கலத்தை இறக்கிய அன்று அப்பா கைதட்டினார், எனக்குக் கண் கலங்கியது. அதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

அது 2023 ஆகஸ்ட் 23. அதே மாதம் 8ஆம் தேதி இன்னொரு இந்திய ஆராய்ச்சியின் முடிவு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதைப் பற்றி நம் குழுவில் ஒருவரும் ஒரு வரி போடவில்லை. டிவியிலும் விவாதம் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஜார்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆராய்ச்சி அது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதி முன்னின்று நடத்தினார்கள். நம் சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் சோதித்துப் பார்த்தது புது மருந்தையோ தடுப்பூசியையோ இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர்.

இதன் அருமை உனக்குத் தெரிய வேண்டுமானால் என் பழைய மேசைக்கு ஒருமுறை உன்னைக் கூட்டிப் போக வேண்டும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாயே, அந்த லேப்தான். சளியை ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, அடியில் ஆவி வருகிற அளவுக்குச் சூடு காட்டுவேன். அப்புறம் கந்தக அமிலத்தில் நிறம் போகக் கழுவி, மெத்திலீன் நீலம் விடுவேன். எல்லாம் நீலமாகிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் அமிலத்துக்கு அசையாமல் சிவப்பாகவே நிற்கும். எண்ணெய் லென்ஸை இறக்கிப் பார்த்தால் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள். எத்தனை குச்சி என்று எண்ணிச் சீட்டில் எழுதி டாக்டர் அறைக்கு அனுப்புவேன். இப்போது அந்த வேலையைக் கோவாவில் தயாராகிற ட்ரூநாட் கருவி செய்கிறது. பேட்டரியில் ஓடும், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா மசியாதா என்பதையும் சொல்லிவிடும். 2020-ல் உலக சுகாதார நிறுவனமே அதை ஏற்றுக்கொண்டது. நம் ஆட்களின் மூளையில் குறை எதுவும் இல்லை கண்ணு.

பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி வந்துகொண்டிருந்தார். தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியவர், அதனால் லீவு எடுத்தாலும் கடன் நிற்காது. எடை மெஷினில் ஏறி நின்றால் முள் நாற்பதைத் தொடாது. வெறும் வயிற்றில் அந்தச் சிவப்பு மாத்திரையைப் போட்டுக் குமட்டி வாந்தி எடுத்துவிடுவார். சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னதற்கு அவர் மனைவி கேட்டாள்: "சாப்ட்டுட்டுப் போடச் சொல்றீங்க. சாப்படறதுக்கு என்னங்க்கா இருக்குது?" இரண்டு மாதம் கழித்து அவர் ஸ்லைடில் ஒரு சிவப்புக் குச்சிகூட இல்லை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. எடை மட்டும் ஏறவேயில்லை. அடுத்த மாதம் அவர் போய்விட்டார். மறு வருஷம் அந்தப் பெண்ணின் ஸ்லைடையும் நான்தான் பார்த்தேன். அதில் சிவப்பு இருந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதை, ஆராய்ச்சி ஆகாது என்று நீ சொல்வாய். நியாயம்தான். ஜார்கண்டில் அவர்கள் செய்தது சரியான ஆராய்ச்சி. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடைக்குறைவு. நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவு மூட்டை கொடுத்தார்கள். வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு, யார் என்று குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து, தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அப்புறம் வருஷக்கணக்கில் கண்காணித்தார்கள். வீட்டாருக்கும் சேர்த்து உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் நோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்குச் சாகும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. ஒரு புதுத் தடுப்பூசி இந்தப் பலனைக் கொடுத்திருந்தால் அதைக் கண்டுபிடித்தவர்களைத் தெருத்தெருவாக ஊர்வலம் கூட்டிப் போயிருப்போம்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1956-ல் இதே சேத்துப்பட்டில் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு ஆராய்ச்சி தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. அத்தனை பேருக்குக் கட்டில் போட நாட்டில் வசதி கிடையாது. அதனால் பட்டணத்து ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரை அவரவர் நெருக்கடி வீட்டிலேயே விட்டு மாத்திரை கொடுத்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், மாத்திரை உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் மோசமாகத்தான் சாப்பிட்டார்கள், கூடுதலாக வேலையும் செய்தார்கள். ஆனாலும் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் வந்த அந்த முடிவுதான் உலகம் முழுக்க சானடோரியக் காலத்தை முடித்துவைத்தது. சென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் நடந்த ஆராய்ச்சி லண்டனுக்குப் பாடம் சொன்னது.

எனக்கு அதில் பெருமை உண்டு, வருத்தமும் உண்டு. நல்ல மருந்து இருந்தால் மோசமான சாப்பாட்டிலும் கிருமி சாகும் என்றுதான் அந்த ஆராய்ச்சி சொன்னது. கேட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டது வேறு மாதிரி: காசநோய்க்காரனுக்குச் சோறு முக்கியமில்லை, மாத்திரை போதும். அரசாங்கங்களுக்கு அது வசதியாக இருந்தது, மாத்திரைக்கு ஆகிற செலவுக்கு ஒரு கணக்கு உண்டு, பசிக்கு அது கிடையாதே. யாருக்கு நோய் வருகிறது, யார் சாகிறார்கள் என்ற கேள்விக்கு 1956 ஆராய்ச்சி பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டு, ஆட்களைப் பிரித்து, எடைபோட்டு, பதில் வாங்க 2023 வரை ஆனது. இடையில் எத்தனை தறிக்காரர்கள் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இப்போது சொல், வறுமையும் அறிவியலும் வேறு வேறா? இந்த நாட்டில் நடந்த மிகக் கறாரான ஆராய்ச்சிகளில் இரண்டு ஏழையின் அடுப்படியில்தான் நடந்திருக்கின்றன.

சரி, ஆராய்ச்சி முடிந்து, முடிவு தெரிந்த பிறகு நாம் என்ன செய்தோம்? இங்கேதான் எனக்கு உன் மாமாவைவிடக் கோபம் வருகிறது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று 2018-ல் தொடங்கிய உதவியை 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் அது வங்கிக் கணக்கில் விழுகிற பணம், தாமதமாக விழுவதும் ஊரறிந்த விஷயம். முன்பணம் கொடுத்தவனும் வீட்டு வாடகைக்காரனும் வாசலில் நிற்கும்போது அந்த ஆயிரம் பருப்பாக மாறி உலையில் விழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வீட்டாருக்கு? மனமுள்ளவர்கள் தத்து எடுத்து உணவுக் கூடை கொடுக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அப்பாவும் நானும்கூட ஒரு வீட்டுக்குக் கொடுக்கிறோம். ஆனால் பரவக்கூடிய நோயில் ஏறத்தாழப் பாதியைத் தடுக்கும் என்று நிரூபணமான ஒரு சிகிச்சையை யாருடைய தயவுக்கோ விடுவது எப்படி நியாயம்? மாத்திரையை நாம் தர்மமாகவா கொடுக்கிறோம்?

அந்த மாத்திரையிலும்கூட 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தது. மூன்று மாதத்துக்கு நீங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்கு டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. காசநோயை 2025-க்குள் ஒழிப்போம் என்று 2018-ல் சொன்னார்கள். 2015-ல் லட்சத்துக்கு 237 பேருக்கு வந்த நோய் 2024-ல் 187 பேருக்கு வருகிறது. உலக அளவில் நடந்ததைவிட வேகமான குறைவுதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒழிப்பு என்பதற்கு இது வெகுதூரம். இன்றைக்கும் உலகத்தில் காசநோய் வருகிற நான்கு பேரில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் சாகிறார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் என் துறைக்கு நான் செய்கிற துரோகம். 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானதும் நர்ஸ் உடனே சில விஷயங்களைப் பார்க்கிறார்: எடையும் உயரமும், கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. லேப் பரிசோதனை எதுவும் வேண்டாம். மோசமாக இருந்தால் அன்றைக்கே மேல் பரிசோதனை, படுக்கை, சத்துணவு. எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்பதற்கு என்ன செலவாகும்? என் காலத்தில் இது இருந்திருந்தால் அந்தத் தறிக்காரரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

ஆகவே மாமாவுக்கு நீ பதில் எழுதும்போது ராக்கெட்டைக் காப்பாற்றுவதோடு நிறுத்தாதே. ஆராய்ச்சிக்கு நம் நாடு செலவழிப்பது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். மக்கள் உடல்நலத்துக்கு அரசுகள் செலவழிப்பது 2021-22 கணக்கில் 1.84 சதவீதம், 2.5 ஆக்குவோம் என்று 2017-லேயே கொள்கை எழுதியிருந்தும். இரண்டுமே அற்பம். இந்த அற்பத்துக்குள் நிலாவா சோறா என்று நாம் அடித்துக்கொண்டால், மீதி எங்கே போகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கிறவர்களுக்கு நம் குடும்பச் சண்டை ரொம்ப உபகாரம்.

நான் சும்மா புலம்பவில்லை. எங்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். நம் ரேஷன் கடையில் ஏற்கனவே அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுக்கிறார்கள். கடை இருக்கிறது, பில் மெஷின் இருக்கிறது, லாரி வருகிறது. காசநோயாளி இருக்கிற வீட்டு அட்டைக்குச் சிகிச்சை முடிகிற வரையில் தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பை இலவசமாகச் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. யாருக்கு நோய் என்பது கடையில் வெளியே தெரியாதபடி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வெட்கப்பட்டு வாங்க வர மாட்டார்கள். அதற்கு என்ன வழி என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கம்ப்யூட்டரில் செய்யக்கூடிய வேலை என்று அப்பா சொல்கிறார். நீ யோசித்துச் சொல்.

மனுவைப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். எண்களை ஒருமுறை சரிபார்த்து, உனக்குத் தோன்றியதையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மாமாவையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா