மடக்குக் கத்திக்கும் உத்தரவாதம் உண்டு

ஆசிரியருக்கு,

சிறுபோகத்துக்கு முன் கிளிநொச்சிக் கடையொன்றில் வாங்கிய மடக்குக் கத்தியின் ஸ்பிரிங், சொட்டுநீர்க் குழாய் வெட்டும்போதே உடைந்துவிட்டது. பற்றுச்சீட்டோடு போனேன். "கத்திக்கெல்லாம் உத்தரவாதம் இல்லை அண்ணை" என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டியிலோ ஒரு வருட உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறது!

எல்லாவற்றையும் நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. வாய் மழுங்கினால் தீட்டுவது எங்கள் வேலை. கத்தியால் ஆணி நெம்பி அலகை முறித்தால் அதுவும் எங்கள் பாடு. கத்தியோடு வந்து தொலைந்த சாவணத்தையும் பல்குத்தியையும் காசு கொடுத்தே வாங்குவோம், கடையில் வைத்திருந்தால் சரி. ஆனால் உருக்கிலோ பொருத்தலிலோ உள்ள குறையை எங்கள் தலையில் கட்டக் கூடாது. சுவிஸ் விக்டோரினொக்ஸ் நிறுவனம் இத்தகைய குறைகளுக்கு ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. வழமையான தேய்மானத்தையும் பிழையான பாவனையையும் அதில் சேர்ப்பதில்லை. நியாயமான ஏற்பாடு அது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். சின்னச் சாமான்தானே என்று யாரும் விட்டுவிட வேண்டாம். வன்னி வியாபாரிகளும் உத்தரவாத அட்டையில் திகதியிட்டு, எது அடங்கும், எது அடங்காது என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

கமக்காரன்,
கண்டாவளை