முன்வரிசை டிக்கெட் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் சென்னையில் கார்ட்டூன் பாத்திரங்கள் மேடையேறும் நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் களைகட்டுகிறது. தேதி, இடம், டிக்கெட் விலை எல்லாம் இருக்கும். இரண்டு, மூன்று வயதுக் குழந்தையோடு போகிறவருக்குத் தேவையான தகவல் மட்டும் இருக்காது. விளைவு, ‘பிள்ளை கிட்டத்தில் பார்க்கட்டுமே’ என்று இருப்பதிலேயே விலை கூடிய முன்வரிசையைப் பலரும் வாங்கிவிடுகிறார்கள். அந்த வயதுக்கு அரங்கிலேயே மோசமான இடம் அதுதான்.

டி.வி.யில் உள்ளங்கை அளவு தெரிந்த பாத்திரம் மேடையில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். தலையே குழந்தையின் உயரத்தில் பாதி இருக்கும். கண் இமைக்காது, முகம் மாறாது, குரலோ பக்கவாட்டு ஸ்பீக்கரிலிருந்து வரும். வேஷம் எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் இரண்டரை வயதில் முழுதாக வந்திருக்காது. இருபது வரிசை தள்ளியிருந்தால் கை தட்டும் குழந்தை, அதே உருவம் பத்தடிக்குள் வந்தால் அலறும். போதாக்குறைக்கு, வீட்டில் தமிழ் பேசும் சோட்டா பீம் மேடையில் ஆங்கிலமோ இந்தியோ பேசினால் ‘இது வேற யாரோ’ என்று குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிடும். டிக்கெட் எடுக்கும்முன் மொழியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது சத்தம். ‘தம் தம்’ என்று அதிரும் தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் மேடைக்குக் கீழே, முதல் வரிசைக்கு எதிரிலேயே வைக்கிறார்கள். சத்தத்தை அளப்பது டெசிபலில். பெரியவர்கள் வேலையிடத்தில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். சின்னக் காதுக்கு இதைவிடக் குறைத்தே வைக்க வேண்டும். பஞ்சு வைத்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. நுரை இயர்பிளக் கழன்று வாய்க்குள் போகலாம். தலைக்கு மேல் வளைந்து இரு காதையும் மூடும், குழந்தைகளுக்கான இயர்மஃப்தான் சரி. அன்றைக்கே புதிதாக மாட்டினால் பிடுங்கி எறியும். ஒரு வாரம் முன்பிருந்தே மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பழக்குங்கள்.

அப்படியானால் எங்கே உட்காருவது? மியூசிக் அகாடமி போலத் தரை சரிந்திருக்கும் அரங்கில் நடுவிலிருந்து சற்றுப் பின்னால், நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கை, கதவுக்குப் பக்கமாக. பால்கனி முதல் வரிசை கூடாது. கைப்பிடிச் சுவர் பார்வையை மறைக்கும், குழந்தை அதில் ஏறவும் பார்க்கும். நந்தம்பாக்கம் வர்த்தக மையம் போன்ற சமதளக் கூடத்தில் நாற்காலி போட்டு நடத்தினால் கணக்கு மாறும். அங்கே நாலைந்து வரிசைக்குப் பின்னால் குழந்தைக்கு முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும். ஆகவே முன்பாதியில், ஆனால் ஸ்பீக்கர் இல்லாத ஓரமாகப் பாருங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று, மடங்கும் இருக்கை. 12 கிலோ குழந்தையின் எடை அதைத் தாழ்த்திப் பிடிக்கப் போதாது. சாய்ந்ததும் இருக்கை மேலே எழும்பிக் காலை நெருக்கும். தடித்த டவலை நாலாக மடித்து இருக்கையின் பின்பக்கம், கீல் இருக்கும் இடத்தை ஒட்டிப் போட்டு உட்காரவைத்தால் ஓரளவு நிற்கும், உயரமும் கிடைக்கும். இல்லாவிட்டால் மடிதான். மடிக்குழந்தைக்கும் டிக்கெட் உண்டா என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். வாசலில் வாதாடுவதைவிட முன்பே கேட்டுவிடலாம்.

காலை 11 மணிக் காட்சி இருந்தால் அதையே எடுங்கள். மூன்று மணிக் காட்சி மதியத் தூக்கத்தைக் குலைக்கும். ஆறரை மணிக் காட்சி முடிந்து கார் பார்க்கிங்கிலிருந்து வெளியே வருவதற்குள் குழந்தை ஒரு பாடு அழுதிருக்கும். ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி கொடுத்தால் போதும். ஏ.சி.க்கு மெல்லிய ஸ்வெட்டர், மாற்று உடை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வெளி உணவு கூடாது என்ற பலகை இருந்தாலும் குழந்தைக்கான பாலைக் கேட்டால் பொதுவாக விட்டுவிடுவார்கள். இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்பே கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். கூட்டமும் இருக்காது, கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலும் குறைவாக இருக்கும்.

லாபியில் விற்கும் இரண்டு பொருள்களில் எச்சரிக்கை வேண்டும். நாலு வயதுக்குள் பாப்கார்ன் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். மினுக்கும் மந்திரக்கோலில் இருப்பது பெரும்பாலும் பொத்தான் பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அதை அரித்துவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கப்படவில்லை என்றால், எவ்வளவு அடம் பிடித்தாலும் வாங்காதீர்கள்.

விளக்கு அணையும் நொடிதான் பாதி அழுகைக்குக் காரணம். இருபது நிமிடம் முன்பே உள்ளே போய் வெளிச்சத்தில் மேடையைக் காட்டி, ‘இப்போ லைட் ஆஃப் ஆகும், அப்புறம் பாட்டு வரும்’ என்று சொல்லி வையுங்கள். அப்படியும் அழுதால் லாபிக்குத் தூக்கிப் போய், அடங்கியதும் கதவோரம் நின்று பார்க்கவிட்டால் பல குழந்தைகள் தாமாகவே திரும்பி வரும். பயந்த பிள்ளையிடம் ‘உள்ளே ஒரு அண்ணா இருக்கார்’ என்று சொல்வதில் தவறே இல்லை. மாயை கலைந்துவிடும் என்ற கவலை நாலைந்து வயதுக்கு வைத்துக்கொள்ளலாம். போட்டோவுக்காக வேஷக்காரர் கையில் குழந்தையைத் திணிக்காதீர்கள். பெரும்பாலும் வாய்ப்பக்க வலை வழியாகத்தான் அவருக்குப் பார்வை, காலடியில் நிற்கும் குழந்தை தெரியவே தெரியாது. நம் ஊர் வெக்கையில் அந்த உடைக்குள் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு இல்லாமல் நிற்க முடியாது. போட்டோ வரிசை பாதியில் நின்றுவிட்டதென்று கத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அமைப்பாளர்கள் டிக்கெட் பக்கத்திலேயே நிகழ்ச்சி நேரம், இடைவேளை, மொழி, வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் விளக்கும் புகையும் உண்டா என்பதைப் போட வேண்டும். வலிப்பு, வீசிங் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு அது அவசியத் தகவல். லண்டன் தியேட்டர்களில் ‘ரிலாக்ஸ்டு பெர்ஃபாமன்ஸ்’ என்று அரங்க விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, குழந்தைகள் எழுந்து நடமாட விட்டு நடத்தும் காட்சிகள் உண்டு. சென்னையில் காலைக் காட்சி ஒன்றையாவது இப்படி நடத்தலாம். புதுச் சாதனம் எதுவும் வாங்க வேண்டாம். ஒலி, ஒளி மேசையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

— ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை