படிக்காத பெற்றோர் மீது பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கல்விப் பக்கத்தில், மாணவர்களுக்கு இலக்கு வேண்டும் என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். 'பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் பிள்ளைக்கு இலக்கு இல்லையென்றால் அதற்குப் படிக்காத பெற்றோரே காரணம்' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பெங்களூரில் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் பத்திரிகையை அதைவிட நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்: அச்சுக்குப் போகும் முன் இந்த வரி உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

என் தந்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பின்னி மில்லில் வேலை. என்னைக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவெடுத்த நாள் முதல், சம்பளம் வாங்கிய அன்று மாலை பத்து ரூபாயைத் தகர டப்பாவில் போட்டுவிட்டு, கதவின் பின்புறம் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். பதினெட்டுக் கோடு வந்தால் சேர்க்கைக்கும் புத்தகத்துக்கும் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. அம்மா நோயில் படுத்திருந்த இரண்டு மாதமும் ஐந்து ரூபாய்தான் போட முடிந்தது. அந்த மாதங்களில் பாதிக் கோடு இழுத்தார், விட்டுவிடவில்லை. கல்லூரி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது கடைசிக் கோடு விழுந்தது. அந்த மனிதரையும் சேர்த்துத்தான் உங்கள் கட்டுரையாளர் குறை சொல்லியிருக்கிறார்.

இன்றைக்கும் ஸ்ரீராமபுரத்தில் என்னிடம் மாலை நேரத்தில் படிக்க வரும் பதினோரு பிள்ளைகளின் வீட்டிலும் இதே கதைதான். ஒரு பையனின் தாய் கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து விற்கிறார். வரமகாலட்சுமி விரதத்தன்று கனகாம்பரம் என்ன விலைக்குப் போகும், அன்றைக்கு முதல் போட யுகாதியிலிருந்தே மாதம் எவ்வளவு சீட்டுக் கட்ட வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்வார். அவருக்கு இலக்கு வைக்கத் தெரியாது என்று யார் சொல்வது?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 'இலக்கு நாள்' கொண்டாடினார்கள். வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து இரண்டு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் கலெக்டர், டாக்டர், போலீஸ் அதிகாரி என்று வண்ண அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீங்களும் படம் போட்டீர்கள். பூக்காரம்மாவின் மகனும் அந்தப் படத்தில் இருக்கிறான். அன்று மாலை அவனிடம், "வரும் புதன்கிழமை கணிதத் தேர்வுக்கு என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். முந்தைய தேர்வில் அவன் வாங்கியது 80-க்கு 17.

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து அவனையே எழுதச் சொன்னேன். போலீஸ் அதிகாரி என்று முதல் வரியில் எழுதினான், நான் தடுக்கவில்லை. அதற்குக் கீழே, 'கூட்டுத்தொடர், ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு, இரவு எட்டரை முதல் ஒன்பதேகால் வரை' என்று எழுதினான். முதல் மூன்று நாளும் முடியவில்லை. பூக்கட்டி முடிக்கவே ஒன்பதாகிவிடுகிறது என்றான். சரி, பத்தை அடித்துவிட்டு நான்கு என்று எழுது என்றேன். நான்கைத் தவறாமல் போட்டான். அரையாண்டில் 31 வந்தது. விடைத்தாளைக் காட்டிவிட்டு, நான் சொல்லாமலேயே அடுத்த பக்கத்தைப் புரட்டி 'முக்கோணங்கள்' என்று தலைப்புப் போட்டான். இதைப் பள்ளியில் யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா, ஐயா? பேச்சாளருக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கே சொல்லிக்கொடுத்திருக்கலாமே.

இன்னொன்றும் மனதைவிட்டுப் போகவில்லை. 2024இல் எஸ்.எஸ்.எல்.சி.க்கு ஒரே ஆண்டில் மூன்று தேர்வுகள் என்ற முறை கர்நாடகத்தில் வந்தது. தவறிய பாடத்தை அடுத்த தேர்வில் எழுதி, ஆண்டு வீணாகாமல் மேலே படிக்கலாம். எங்கள் தெருப் பெண் ஒருத்தி மே மாதம் வந்த முடிவில் அறிவியலில் மட்டும் தவறினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் நினைத்து அவளைப் பீனியாவில் தையல் ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். செப்டம்பரில் பஸ்ஸில் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதற்குள் மூன்றாவது தேர்வும் முடிந்திருந்தது. "அப்படி ஒரு தேர்வு இருந்ததா டீச்சர்?" என்று கேட்டாள். மடியில் சாப்பாட்டுப் பை இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கை கன்னடத்தில் இருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தாய் தகப்பன் யாரிடம் போய்க் கேட்பார்கள்? எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தகுதி உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது அது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. என்னிடம் வரும் பதினோரு பேரில் இதைக் கேள்விப்பட்டிருந்தவர் இருவர். பத்தாவதுக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமா முடித்தால், நுழைவுத் தேர்வு எழுதி நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு நான் மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினார். டிப்ளமா என்றால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. கல்விப் பக்கத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு கால் பக்கம் ஒதுக்குங்கள். அந்த மாதம் எந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் தேர்வுக்கு எந்தத் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்பதைத் தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் தெரு டீக்கடைச் சுவரில் ஒட்டி வைக்க ஒரு பிரதி கூடுதலாக நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.