2024–25 ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, குறள் ஒப்புவித்தல், புத்தகப் பரிமாற்றம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது.

இந்த ஆண்டு நான் முன்னின்று செய்தது, மும்பையில் சசூன் குடும்பத்தின் பெயர் சொல்லும் இடங்களைப் பார்க்க டிசம்பரில் போன சசூன் நடை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே சசூன் டாக் என்ற படகுத்துறையைச் சொன்னால் மீன்தான் ஞாபகம் வருகிறது. அந்தப் பெயர் யாருடையது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பதே என் ஆசை. பாக்தாத்தில் ஆளுநரின் கொடுமைக்குத் தப்பி, 1832இல் பம்பாய் வந்த யூத வணிகர் டேவிட் சசூன். பருத்தியிலும், சீனாவுக்கு ஏற்றிய அபினியிலும் சம்பாதித்தார். அபினியைப் பற்றி ஒரு மாணவி கேட்டாள்; மறைக்காமல் சொன்னேன். பின்னால் வந்த பாக்தாத் யூதர்களுக்கு வேலையும் பள்ளியும், அவர்கள் வழிபடும் ஜெப ஆலயமும் அந்தக் குடும்பம்தான் கொடுத்தது. பைகுல்லாவில் அவர் 1864இல் கட்டி முடித்த மாகேன் டேவிட் ஆலயத்தின் வளாகப் பள்ளியில் இன்று படிப்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள்.

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் ஞாயிறு போனோம். கோட்டைப் பகுதியில் டேவிட் சசூனின் பேரன் ஜேக்கப் தன் தந்தை நினைவாக 1884இல் கட்டிய ஆலயத்தில், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நின்றோம். வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெயில் ஒரு சிறுவனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவன் நகரவே இல்லை. அப்புறம் காலா கோடாவில் 1870இல் கட்டி முடித்த நூலகம். கட்டடச் செலவு ஒன்றேகால் லட்சத்தில் டேவிட் சசூன் கொடுத்தது அறுபதாயிரம். அது யூதர்களுக்கு மட்டுமான நூலகம் அல்ல.

வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 26. வந்தவர்கள் 11. ஒருவர்கூட முன்னாலேயே போன் செய்து சொல்லவில்லை. பாதி காலியாகப் போன வேனுக்கு வாடகையில் குறைந்ததை நானே கொடுத்தேன். சங்கத்திடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஆண்டுக்கு 500 ரூபாய் சந்தாவை மூன்று வருஷமாகத் தராதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருந்தன, கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். இடம் தந்த பள்ளிக்கும், தணிக்கை செய்தவருக்கும், காபி கொண்டுவந்த சகோதரிகளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு புனே போக நினைக்கிறேன். டேவிட் சசூனின் கல்லறை அங்கே, ஊரார் லால் தேவல் என்று சொல்லும் செங்கல் ஆலயத்தின் வளாகத்தில்தான் இருக்கிறது. வேனுக்கு ஜூலையில் முன்பணம் கட்டவேண்டும். பாக்கி சந்தா ஜூன் 30க்குள் வந்துவிட்டால் கட்டிவிடலாம். ரசீதுப் புத்தகம் என் வீட்டில்தான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் எப்போதும் வரலாம்.

செயலாளர்