மச்சானுக்கு: நேரம் உண்மையிலேயே மெதுவாகுமா?

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குப்பம் ஊரில் நாங்கள் நலம். இந்தத் தடவை பட்டுப்புழு நன்றாகக் கூடு கட்டியிருக்கிறது. மார்க்கெட்டில் என்ன விலை போகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். வேகமாகப் போனால் நேரம் மெதுவாகும் என்கிறார்களே, அது நிஜமா, இல்லை கடிகாரத்தில் வரும் கோளாறா என்று கேட்டிருக்கிறாய். நிஜம்தான் மச்சான். அதற்கான சாட்சி இந்தக் கடிதத்தைப் பிடித்திருக்கும் உன் கை வழியாகவே போய்க்கொண்டிருக்கிறது.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் வந்து மோதுகின்றன. அந்த மோதலின் விளைவாகச் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி, அதாவது நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஒளியின் வேகத்தையே ஒட்டி ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போகலாம். இந்தக் கணக்குப்படி அவற்றில் அநேகமாக எதுவும் தரைக்கு வந்து சேரக் கூடாது. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் நிமிடத்துக்கு நூறு போல.

மியூவானுக்குள் சக்கரமும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை, கோளாறு ஆவதற்கு. நம் கணக்கில் அதன் நேரம் மெதுவாக ஓடுகிறது, அதனால் ஆயுள் நீள்கிறது. மியூவானின் பக்கமிருந்து பார்த்தால் ஆயுள் அதே 2.2 மைக்ரோ நொடிதான், ஆனால் 15 கிலோமீட்டர் தூரம் சுருங்கிப் போகிறது. இரண்டு கணக்கும் சரி, இரண்டிலும் அது தரைக்கு வந்து சேர்கிறது. இடம் வேறு, காலம் வேறு என்று பிரித்துப் பேச முடியாது என்பது இதனால்தான். ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னதை வைத்து 1908இல் மின்கோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதினார்.

எங்கள் பெரியப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். இதே மியூவான்களைத்தான் டாடா ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்தில் வெவ்வேறு ஆழத்தில் கருவிகளை வைத்து எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அப்படி அமைதியான இடம் கிடைத்ததால்தான், காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவிப் போகிற நியூட்ரினோ என்ற துகள்களின் தடயத்தை 1965இல் அங்கே பிடிக்க முடிந்தது. உலகத்திலேயே அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை, அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்திலும் பார்த்தார்கள். தங்கவயல் என்றால் தங்கத்தை மட்டும் பேசுகிறோம், இதையும் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஈர்ப்பு விசையாலும் நேரம் மாறும், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் வேகமாக ஓடும். உன் போனில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்துகிறது. அதைச் சரிக்கட்டாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்.

அப்புறம், பிரபஞ்சம் விரிகிறது என்றால் எதற்குள் விரிகிறது, நடு எங்கே என்பது. வாசலில் போட்ட புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள், ஓரமே இல்லாத கோலம். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவே உள்ள இடைவெளி இரட்டிப்பாகிறது என்று வை. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றவை விலகிப் போகும், தூரத்துப் புள்ளி இன்னும் வேகமாகப் போகும். நடுப்புள்ளி என்று ஒன்று இல்லை. தூரத்து கேலக்ஸிகள், அதாவது நட்சத்திரக் கூட்டங்கள், இப்படி விலகிப் போவதைத்தான் வானியலாளர் ஹபிள் 1929இல் கண்டார். இடம்தான் விரிகிறது, விரிவதற்கு வெளியே ஒரு காலி மனை தேவையில்லை.

ஆனால் அருகருகே இருப்பவற்றை ஈர்ப்பு விசை பிடித்து வைத்திருக்கிறது. நம் வீடோ மலையோ விரிவதில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிற ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நம்மை நோக்கித்தான் வருகிறது. டிசம்பரில் கரண்ட் போன ராத்திரியில் மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்தேன், விரல்பட்ட கறைபோல மங்கலாக. நேராகப் பார்த்தால் மறைகிறது, சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிறது.

பெருவெடிப்புக்கு முன்னால் என்ன என்றும் கேட்டிருந்தாய். 1380 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தத் தொடக்கத்தை நெருங்கும்போது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளே கைவிட்டுவிடுகின்றன. அங்கே ‘முன்னால்’ என்ற கேள்வி பொருந்துமா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

மே மாதம் கங்கம்மா ஜாத்திரைக்குக் குடும்பத்தோடு வா. மறுநாள் தங்கவயலுக்குப் போகலாம். சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள், ஆனாலும் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேடுகள் அப்படியே நிற்கின்றன. பெரியப்பா இருந்த லைன் வீட்டையும் காட்டுகிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்